ஈடாக வைத்தது எதனை?
செங்கற்பட்டின் நிலம், கடன் பற்றிய இரு அறிக்கைகள்: ஒரு திறனாய்வு

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ளது. அச்சாலையில் செல்வோர் ஏரிகளையும் ஏரிப்பாசன வயல்களையும், கல்லுடைக்கும் குன்றுகளையும், மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளையும், இறுதியில் வங்கக் கடலையும் காண்பர். நிலம், நீர், கல், கடல் ஆகிய வளங்கள் யாவும் அரைநாட் பயணத்திற்குள் அமைந்த இவ்வட்டாரத்தில், அவ்வளங்களின் நடுவே உழைப்போர் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கடனாளிகளாக இருந்துவருவது ஏன்? இக்கேள்வியைச் செங்கற்பட்டைப் பற்றி மட்டுமன்றி, உலக நாடுகள் பலவற்றைப் பற்றியும் இன்று பொருளியலார் கேட்கின்றனர். அவர்கள் தரும் விடையையும், அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் எழுதப்பட்ட இரு அறிக்கைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆயர்களும் இறையியல் மாணவரும் இதைப் படிக்கவேண்டிய காரணம் யாது என்பது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

1. பொருளியலார் கூறுவது

நாடுகளை ஒப்பிட்டு ஆராயும் பொருளியலில் மூன்று கருத்துகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. முதலாவது, எண்ணெயும் கனிமமும் மிகுந்த நாடுகள் பல, அவை குறைந்த நாடுகளைவிட மெதுவாகவே வளர்ந்தன என்பது. ஜெஃப்ரி சாக்ஸ், ஆண்ட்ரூ வார்னர் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பெரிதும் பரப்பியது. இரண்டாவது, ஏழைகள் கடன் பெற இயலாத நாடுகளில் ஏற்றத்தாழ்வு ஒரு தலைமுறையோடு ஒழியாமல் பிள்ளைகளுக்கும் சொத்துப்போல் இறங்குகிறது என்பது. ஓடெட் கேலோர், ஜோசப் செய்ரா ஆகியோர் 1993-இல் இதனை நிறுவ முயன்றனர். மூன்றாவது, கரும்புத் தோட்டத்திற்கும் வெள்ளிச் சுரங்கத்திற்கும் ஏற்ற மண் அமைந்த அமெரிக்கப் பகுதிகளில் தொடக்கத்திலேயே ஒருசிலர் கையில் நிலம் குவிந்தது. அக்குவியலே பின்னர் பள்ளி, வாக்குரிமை, வங்கி அனைத்தையும் தன் சாயலில் வார்த்துக்கொண்டது என்பது. இது ஸ்டான்லி எங்கர்மன், கென்னத் சோகலாஃப் ஆகியோரின் கருத்து.

இம்மூன்றையும் இணைத்துப் பார்ப்போர் எளிதாக ஒரு முடிவுக்கு வருகின்றனர். வளம் சிலரிடம் குவிகிறது; கடன்வசதி விரிந்தால் ஏழையும் முதலீடு செய்வான்; ஏற்றத்தாழ்வு குறையும்; ஆகவே வங்கியைக் கிராமத்திற்குக் கொண்டுசெல்க என்பதே அம்முடிவு.

இம்முடிவில் உண்மை இல்லை என நாம் கூறவில்லை. ஆனால் நாடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளில் கடன் என்பது ஒரே தொகையாக, நாட்டு வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று எழுதப்படுகிறது. வாங்கியவர் யார், எதனை ஈடாக வைத்து வாங்கினார் என்னும் கேள்வி அக்கட்டத்திற்குள் நுழைவதில்லை. செங்கற்பட்டின் வரலாறு வலியுறுத்துவது இக்கேள்வியையே. இங்குக் கடனுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. ஈடு வைப்பதற்கு உரிமையுள்ள பொருளுக்கே பஞ்சமிருந்தது.

2. பிறர் விளைச்சலை ஈடுவைத்த கடன்

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா, தம் பகைவரை எதிர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த உதவிக்குக் கைம்மாறாக, 1763-இல் செங்கற்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கம்பெனிக்கு அளித்தார். கம்பெனியோ 1780 வரை அதனை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. அதே காலத்தில் நவாபு, கம்பெனியின் ஊழியர்கள் பலரிடமிருந்து தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். பால் பென்ஃபீல்டு என்பவர் அக்கடன்காரருள் பெயர்பெற்றவர். நவாபு ஈடாகக் கொடுத்தது தம் அரண்மனை நகைகளை அன்று. தம் ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களின் வரி வருவாயை. உழவன் இன்னும் அறுக்காத கதிர், கடல்கடந்த கனவான்களின் கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டிருந்தது.

எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய பேருரை இக்கடன்களைப் பற்றியதே. அக்கடன்களுள் பெரும்பகுதி ஐயத்திற்குரியது எனவும், அவற்றை விசாரணையின்றி ஏற்பது கர்நாடகத்து மக்களைக் கொள்ளையிடுவதற்கு ஒப்பாகும் எனவும் அவர் வாதாடினார். அன்றைய அமைச்சரவை செவிசாய்க்கவில்லை. பின்னாளில், கர்நாடகம் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபின் நவாபின் கடன்களை விசாரிக்க ஆணையம் அமைக்கப்பட்டபோது, மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்டுக் கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவானதே உண்மைக் கடன் எனத் தீர்ப்பாயிற்று.

இதனை வெறும் பழங்கதையாகக் கொள்ளலாகாது. இன்று அங்கோலா போன்ற நாடுகளின் அரசுகள் வருங்கால எண்ணெய் ஏற்றுமதியை ஈடாக வைத்து அயல்நாட்டுக் கடன் பெற்றதும் இதே முறையைச் சார்ந்ததாகும். வளத்தின்மீது அதிகாரமுள்ளவனுக்குக் கடன் எளிது. அதனை அடைக்கும் பொறுப்பு அதிகாரமற்றவன்மேல் விழுகிறது. ஒரு நாட்டில் கடன் பெருகியது என்னும் செய்தி, அந்நாட்டு மக்களுக்கு நன்மை பெருகியது என்று பொருள்படாது.

3. உடலை ஈடுவைத்த கடன்: 1891-ஆம் ஆண்டு அறிக்கை

நூறாண்டுகள் கழிந்தபின் அதே செங்கற்பட்டில் மற்றொரு கடன் ஆராயப்பட்டது. மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே. எச். ஏ. திரமென்ஹீர், அங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். மாவட்ட மக்கட்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரான அவர்களின் வறுமைக்கு அவர்களுடைய சோம்பலோ குடியோ காரணம் என அன்றைய அதிகாரிகள் பலர் கருதியிருந்தனர். திரமென்ஹீர் அவ்விளக்கத்தோடு நின்றுவிடாமல் நிலப்பதிவேட்டைத் திறந்து பார்த்தார். இதுவே அவ்வறிக்கையின் தலையாய சிறப்பு.

அவர் கண்டது யாது? 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்திற்கு இருந்த நீதிமன்ற ஏற்பை நீக்கிவிட்டிருந்தது. ஆயினும் படியாள் என்னும் உழைப்பாளி, திருமணத்திற்கோ பஞ்சத்திற்கோ மிராசுதாரிடம் வாங்கிய முன்பணத்தால் கட்டுண்டிருந்தான். வேறொரு முதலாளி அக்கடனை அடைத்தால் அவனிடம் இவன் மாறிச் செல்லலாம். அதாவது கட்டு கைமாறுமேயன்றி அவிழாது. அவன் குடியிருந்த சேரியின் மனையும் பலவிடங்களில் அவனுடையதன்று. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற்றலாம். ஊரில் தரிசு நிலம் கிடந்தது. அதற்கு அவன் விண்ணப்பித்தாலோ, செங்கற்பட்டில் வழக்கிலிருந்த விதிகளின்படி மிராசுதாருக்கே முதலுரிமை. தரிசாகவே கிடந்தாலும் கிடக்கட்டும், படியாள் உழவனாகிவிடக்கூடாது என்பதே அவ்விதியால் விளைந்த பயன்.

இங்குக் கடனும் நிலமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை நாம் கவனிக்கவேண்டும். நிலம் கிடைக்காததால் கடன். கடன் இருப்பதால் நிலத்தைக் கோரும் துணிவின்மை. ஈடுவைக்க வேறொன்றும் இல்லாதவன் தன் உடலையும் தன் பிள்ளைகளின் உழைப்பையும் ஈடுவைத்தான். வட்டிவிகிதத்தைக் குறைத்தால் தீர்ந்துவிடும் துன்பம் அன்று இது.

வருவாய் வாரியம் இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஏற்கத் தயங்கியது. ஆயினும் 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் அரசாணை, தரிசு நிலத்தை இம்மக்களுக்கு ஒதுக்க வழிவகுத்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்றவை இவ்வழியில் வந்தவையே. இத்தகைய நிலம் குறிப்பிட்ட காலத்திற்கு யாருக்கும் விற்கப்படலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதார்க்குக் கைமாறலாகாது என்னும் நிபந்தனைகள் அவற்றின்மேல் விதிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அத்தகைய நிலம் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் எனத் தலித் இயக்கங்கள் கணக்குக் கூறிவருகின்றன.

அறிக்கையின் குறையையும் கூறவேண்டும். திரமென்ஹீர் நிலத்தைத் தரச் சொன்னார். ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரையிலான உணவு ஆகியவை எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்குப் போதிய விடையை அரசாணை தரவில்லை. நிலம் பெற்றவன் விதைக்காக மீண்டும் பழைய மிராசுதாரின் திண்ணைக்கே செல்லவேண்டியிருந்தால், அந்நிலம் எத்தனை ஆண்டு அவன் கையில் நிற்கும்?

4. நிலத்தை ஈடுவைத்த கடன்: நிக்கல்சன் அறிக்கை

இதே 1892-ஆம் ஆண்டில் சென்னை அரசு மற்றொரு பணியையும் தொடங்கியது. ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, உழவருக்கான வங்கிகளை இம்மாகாணத்தில் நிறுவுவது பற்றி ஆராயப் பணிக்கப்பட்டார். ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரு பகுதிகளாக வெளியாயிற்று. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் மூலநூல் இதுவே எனலாம். ஜெர்மனியின் ரைன் பகுதியில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்னும் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களே நிக்கல்சனுக்கு முன்மாதிரி. வட்டிக்காரனின் பிடியிலிருந்து உழவனை விடுவிப்பது சட்டம் அன்று, அண்டை அயலாரின் நம்பிக்கை என்று அவர் கண்டது உயர்ந்த கருத்து.

இவ்வறிக்கையின் வழியே 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் முதல் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. படியாளின் கடனை அம்பலமாக்கிய அதே மாவட்டம், கூட்டுறவுக் கடனின் தொட்டிலும் ஆயிற்று.

ஆயினும் இரண்டு தொட்டில்களும் ஒரே வீட்டில் இருக்கவில்லை. ரைஃபைசன் சங்கம் வரம்பற்ற பொறுப்பு என்னும் அடிப்படையில் இயங்கியது. ஓர் உறுப்பினர் கடனை அடைக்காவிடில் மற்ற உறுப்பினரின் சொத்தும் அதற்குப் பொறுப்பாகும். 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு இதனையே விதித்தது. ரைன் பகுதியில் சிறிதளவேனும் சொந்த நிலமுள்ள உழவர் பலர் இருந்தனர். ஆகவே அங்கு அம்முறை ஏழையையும் தழுவிற்று. செங்கற்பட்டிலோ பட்டா இல்லாதவன் அண்டை அயலாருக்கு எச்சொத்தைக் காட்டிப் பொறுப்பேற்பான்? ஒரே சட்டவடிவம் ஒரு நாட்டில் ஏணியாகவும் மற்றொரு நாட்டில் வேலியாகவும் ஆனது. வேறுபாடு வட்டியில் இல்லை, சிக்கன உணர்விலும் இல்லை. காலடி மண் யாருடையது என்பதில் இருந்தது.

5. இரு கோப்புகள்

இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து வாசிப்போருக்கு ஒன்று தெளிவாகும். ஒன்று நிலத்தைக் கண்டது. கடனுக்கு மாற்றுவழி காட்டவில்லை. மற்றொன்று கடனுக்கு மாற்றுவழி கண்டது, நிலமற்றவனைக் காணவில்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரே நோய்க்கு இரு கோப்புகளைத் திறந்தது. முதற்கோப்பு, ஒடுக்கப்பட்டோர் நலம் என்னும் தலைப்பில் அருளிரக்கப் பணியாயிற்று. இரண்டாம் கோப்பு, கிராமப் பொருளாதாரம் என்னும் தலைப்பில் வளர்ச்சிப் பணியாயிற்று. இன்றும் அவை வெவ்வேறு துறைகளிலேயே உள்ளன.

இக்கோப்புகளை இணைத்த நாடுகள் இல்லாமலில்லை. தைவான் 1949-இல் குத்தகையைக் குறைத்து, 1953-இல் உழுபவனுக்கே நிலத்தை உரிமையாக்கி, உழவர் சங்கங்களின் வழியே கடனும் இடுபொருளும் வழங்கியது. தென் கொரியாவும் 1950-இல் நிலச்சீர்திருத்தத்தைத் தொடங்கியது. இவை கனிவளம் மிக்க நாடுகள் அல்ல. எனினும் அவற்றின் வளர்ச்சி நெடுங்காலம் பெரும் ஏற்றத்தாழ்வின்றி நடந்தது; அதற்கு நிலப்பகிர்வும் ஒரு காரணம் என்பது பலரும் ஏற்றுக்கொண்டது. நார்வேயின் எண்ணெயும் இத்தகைய பாடத்தையே தருகிறது. கடலடி எண்ணெய் பொதுவுடைமை என்பது முதலில் உறுதியாயிற்று. அதன் பின்னரே 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வருங்காலத் தலைமுறைக்கான நிதி அமைந்தது. வளம் சாபமாவதும் வரமாவதும் வளத்தின் அளவால் அன்று, அதன்மேலுள்ள உரிமையின் ஒழுங்கால் என்பதை இவை காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் முப்பது தரநிலை ஏக்கரை வரம்பாக்கியது. 1970-இல் அது பதினைந்தாகக் குறைந்தது. 1969-இல் பெரிய வங்கிகள் பதினான்கு நாட்டுடைமையாயின. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்கள் அனைத்தையும் செல்லாதவை என அறிவித்தது. 1992-இல், அதாவது அவ்விரு கோப்புகள் திறந்து சரியாக நூறாண்டு கழித்து, தன்னுதவிக் குழுக்களை வங்கியுடன் இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி தொடங்கியது. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஒவ்வொன்றும் தேவையானதே. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு கோப்பை மட்டுமே எடுத்தது. செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ கல்குவாரியிலிருந்தோ விடுவிக்கப்பட்ட குடும்பம், திரும்பிச் செல்ல மனையும் நிலமும் இல்லாதபோது, அடுத்த சூளையின் முன்பணத்தை நாடுவதைப் பணித்தளங்களில் உழைப்போர் அறிவர்.

6. கடற்கரையின் சான்று

இனி, அச்சாலை சென்று முடியும் கடலோரத்திற்கு வருவோம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை வரிசையாக அமைந்த மீனவர் குப்பங்களின் வளம் கடல். கடலுக்குப் பட்டா இல்லை. ஆகவே எந்த வங்கியும் அதனை ஈடாக ஏற்காது. மீனவர் ஈடுவைப்பது நாளைய மீன்பாட்டை. படகுக்கும் வலைக்கும் முன்பணம் தந்த வியாபாரிக்கே, அல்லது அவர் தரகின் வழியே, மீனை விற்கும் கட்டாயம் அக்கடனோடு வருகிறது. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் நாள்தோறும் திருப்பும் தண்டலில் முதலீடு பெறுகின்றனர். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் பெருமளவில் வழங்கின. படகு வந்தது, ஆனால் கரைமீதுள்ள உரிமை, அதாவது படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் குடியிருக்கவும் உரிய மணற்பரப்பின் உரிமை, உறுதியாகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளர்ச்சியோடு அம்மணலின் விலை ஏறியது. விலை ஏறஏற அதன்மேல் பழக்க உரிமை மட்டுமே உடையவரின் நிலை தளர்ந்தது.

பஞ்சமி நிலத்திற்கும் இதுவே நேர்ந்தது. நிபந்தனைகள் ஏட்டில் நிற்க, நிலங்கள் கைமாறின. மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் எழுந்த போராட்டத்தின்போது செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிர்நீத்தனர். 1892-ஆம் ஆண்டு அரசாணை நூறாண்டுக்குப் பின் இரத்தத்தால் நினைவூட்டப்பட்டது.

இதே கடற்கரையில் மாறான சான்றும் ஒன்றுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றபோது, இருளர் மக்கள் தம் பிழைப்பை இழந்தனர். 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு அமைந்து, வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடும் அனுமதியைப் பெற்றது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சைப் பெருமளவில் தந்துவருவது இச்சங்கமே. அதனைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இங்கு முதலில் வந்தது கடன் அன்று. தம் அறிவுக்குட்பட்ட ஒரு வளத்தைக் கையாளும் உரிமை. அவ்வுரிமை அரசின் அனுமதியைச் சார்ந்து நிற்பது இதன் குறையாயினும், எது முந்தவேண்டும் என்பதை இச்சிறிய சங்கம் பெரிய அட்டவணைகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

7. ஒரு தடையும் அதற்கு விடையும்

நம் வாதத்திற்கு எதிராக வலுவான தடையொன்று எழுப்பப்படலாம். ஹெர்னாண்டோ டி சோட்டோ என்னும் பெரு நாட்டு அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏழைகளிடம் உடைமை உண்டு, அதற்குச் சட்டப் பத்திரம் இல்லாததே அவர்களை மூலதனத்திலிருந்து விலக்குகிறது என்றார். பத்திரம் தந்தால் வங்கி கடன் தரும் என்பது அவர் முடிவு. அவ்வாறாயின், விற்கவோ தடையின்றி அடகு வைக்கவோ இயலாத பஞ்சமி நிலம் ஏழைக்குக் கைவிலங்கு அன்றோ? நிபந்தனையை நீக்கினாலன்றோ அவனுக்குக் கடன் கிடைக்கும்?

இத்தடையை எளிதில் ஒதுக்கலாகாது. நிபந்தனையால் நிலத்தின் ஈடுமதிப்புக் குறைவது உண்மை. பாதுகாப்புக்கு ஏழை ஒரு விலை கொடுக்கிறான். ஆனால் செங்கற்பட்டின் அனுபவம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. நிபந்தனை இருந்தபோதே நிலம் இவ்வளவு கைமாறிற்று எனில், அது இல்லாதிருந்தால் எஞ்சியதும் எஞ்சியிராது. ஒரு காய்ச்சலுக்கும் ஒரு திருமணத்திற்கும் இடையில் ஏழையின் நிலம் நழுவிவிடும். ஆகவே நிபந்தனையை நீக்குவது வழியன்று. நிலத்தை அடகாகக் கேளாமல் பயிரையும் கூட்டுப்பொறுப்பையும் நம்பித் தரும் கடனை அந்நிலத்தோடு இணைப்பதே வழி. கடனுக்கு ஏற்ற உரிமையைப் படைப்பதைவிட, உரிமைக்கு ஏற்ற கடனைப் படைக்கவேண்டும்.

தாட்கோ நிறுவனத்தின் வழியே தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்த நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இத்திசையில் குறிப்பிடத்தக்கது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதியை ஐந்து இலட்சம் ரூபாய் வரை மானியமாகத் தருவது அத்திட்டம். இரு கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்தன என்று இதனை வரவேற்கலாம். ஆயினும் மாமல்லபுரக் கடற்கரையின் நிலவிலையின் முன் அத்தொகை எத்தனை சென்ட் நிலம் தரும் என்பதைக் கேட்காமல் இருக்க இயலாது. சந்தையில் வாங்கித் தருவதைவிட, கைமாறிய பஞ்சமி நிலத்தைச் சட்டப்படி மீட்டுத் தருவதே நேர்வழி.

8. திருச்சபைக்கு வரும் கேள்வி

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஊழியரான ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் வெஸ்லியன் சங்கத்தின் வில்லியம் கௌடியும் நிலமற்றோரின் பக்கம் நின்று அரசிடம் வாதாடியோர். மெல்ரோசாபுரம் என்னும் உழவர் குடியேற்றம் ஆண்ட்ரூவின் பணியின் நினைவாக நிற்கிறது. நாம் இதற்காக நன்றி செலுத்துகிறோம். அதே வேளையில், ரூபா விசுவநாத் 2014-இல் 'தி பரையா பிராப்ளம்' என்னும் ஆங்கில நூலில் முன்வைத்த விமரிசனத்தையும் ஏற்கவேண்டும். இம்மக்களின் அடிமைநிலையை உள்ளார்ந்த, ஆன்மிகச் சீர்கேடாகக் காணும் போக்கு மிஷனெரிகளிடமும் வேரூன்றியிருந்தது என்றும், அப்போக்கு உழைப்பின்மீதும் நிலத்தின்மீதும் இருந்த ஆதிக்கத்தை மறைக்க உதவிற்று என்றும் அவர் காட்டுகிறார்.

அப்போக்கு நம்மை விட்டு நீங்கிற்றா? கடன் பற்றி நம் பிரசங்க பீடங்களிலிருந்து கேட்கும் அறிவுரை பெரும்பாலும் சிக்கனத்தைப் பற்றியது. குடியையும் ஆடம்பரத் திருமணத்தையும் கண்டிப்பது. நம் சபைகள் நடத்தும் சமூகப்பணி பெரும்பாலும் தன்னுதவிக் குழுவும் சிறுகடனும். இவை நிக்கல்சனின் கோப்பைச் சேர்ந்தவை. அக்குழுவில் ஒரு பெண் ஈடுவைப்பது தன் அண்டை வீட்டாரிடம் தனக்குள்ள மானத்தை. வருவாய் தரும் வளம் எதுவும் கையிலில்லாமல் கடன் மட்டும் பெருகினால் அம்மானம் ஒருநாள் வீதிக்கு வரும். 2010-இல் ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்களின் வசூல்முறையால் எழுந்த நெருக்கடி இதனை நாடறியச் செய்தது.

நெகேமியாவின் நூல் ஐந்தாம் அதிகாரத்தை இப்பின்னணியில் மீண்டும் வாசிப்பது நன்று. பஞ்சத்தில் தானியத்திற்காக வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்தோர், அரச வரிக்காகக் கடன் வாங்கினோர், இறுதியில் மகன்களையும் மகள்களையும் அடிமைப்படுத்தவேண்டிய நிலைக்கு வந்தனர். ஈடு நிலத்திலிருந்து உடலுக்கு இறங்கிய இவ்வரிசை, செங்கற்பட்டின் படியாள் நன்கு அறிந்தது. தங்களை மீட்கத் தங்களால் இயலாததற்கு அம்மக்கள் கூறிய காரணம், வயல்கள் பிறர் கையில் இருப்பதே. நெகேமியா அவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிக்கவில்லை. வட்டியைக் குறைக்கச் சொல்வதோடும் நிற்கவில்லை. வட்டியும் வயலும் வீடும் அன்றே திரும்பவேண்டும் என்றார். இரு கோப்புகளும் ஒரே சபைக் கூட்டத்தில் ஒருங்கே தீர்க்கப்பட்டன. நிலத்தை அறுதியாக விற்கலாகாது என்னும் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தின் ஒழுங்கோ, அத்தீர்வு ஒருநாள் உணர்ச்சியாக முடியாமல் தலைமுறைதோறும் நிலைக்கவேண்டும் என்னும் அக்கறை. பஞ்சமி நிலத்தின் நிபந்தனையைப் பழைய காலத்துத் தடையெனக் கருதும் கிறிஸ்தவர், தாம் கையிலேந்தும் திருமறையிலேயே அத்தகைய தடை இருப்பதை நினைவுகூரவேண்டும்.

மேலும் ஒன்று. அக்கூட்டத்தில் நெகேமியா, தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தோருள் அடங்குவர் என்பதை மறைக்கவில்லை. நம் திருச்சபைகளுக்கும் இம்மாவட்டத்தில் நிலங்கள் உண்டு. அவற்றுள் எவை எவ்வழியில் வந்தன, எவற்றின்மேல் யாருடைய பழக்க உரிமை இருந்தது, விற்கப்பட்டவை யாருக்கு, எதற்காக விற்கப்பட்டன என்னும் கணக்கை நாமே முதலில் எடுத்தாலன்றி, பிறர் கணக்கைக் கேட்கும் தகுதி நமக்கு வாராது. இறையியல் மாணவர் தம் களப்பணிக் காலத்தில் ஒரு சேரியின், அல்லது ஒரு குப்பத்தின், நில ஆவணத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் படித்தறியக் கற்பது, எபிரேய இலக்கணம் கற்பதற்குக் குறைந்த பயிற்சி அன்று.

தமிழில் மீட்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழிபாட்டில் கூறுகிறோம். அடகுக் கடையில் நிற்கும் ஏழையும் அதே சொல்லைக் கூறுகிறாள். அவளுக்கு அது ஈடாக வைத்ததைத் திரும்பப் பெறுவது. அவள் பொருளும் நம் பொருளும் ஒன்றோடொன்று பேசாமலிருக்கும்வரை, 1892-இல் திறந்த இரு கோப்புகளும் நம் திருச்சபைக்குள்ளும் தனித்தனியே கிடக்கும்.